சூக்காட்டிய வாய்

எங்கள் சுரங்க நகரியத்தில் டார்ச்சர் என்ற சொல் படுகிற பாடு கொஞ்சமில்லை. வெயில் அடித்தால் டார்ச்சர். கரண்ட் போனால் டார்ச்சர். மாடிக் குவார்ட்டர்ஸில் யாராவது கீபோர்டு கற்றுக்கொண்டால் டார்ச்சர். ஒருமுறை வடலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், தன் கணவர் கோடையிலும் வெந்நீரில்தான் குளிப்பார் என்பதைச் சொல்லி, "ஒரே டார்ச்சருங்க" என்று முடித்துவிட்டுச் சிரித்தார். ஆளைக் கட்டிப்போட்டு உடம்பை முறுக்குகிற வேலைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. வேர்ச்சொல்லுக்கே முறுக்குதல் என்றுதான் பொருள். அதை நாங்கள் வெந்நீருக்கு வைத்துக்கொண்டோம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஷிப்ட், பிளாக், பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று எந்தச் சொல் வந்தாலும் எங்கள் ஊரில் அது வேலை செய்தாக வேண்டும். சும்மா உட்கார விடமாட்டோம்.

எனக்கு வழக்கு இருப்பது இன்னொரு சொல்லோடு. ஹராஸ்மென்ட். இதை எங்கள் ஊரில் யாரும் பஸ்ஸில் சொல்வதில்லை. அது அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளில் இருக்கும். அந்தத் தாளுக்குக் கீழே தண்ணீர் கேன் இருக்கும். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், படிக்கமாட்டார்கள். நான் படித்தேன். படித்தது மட்டுமல்ல, அந்தச் சொல்லின் பூர்வீகத்தையே தோண்டிப் பார்த்தேன். அதனால் மூன்று பெண்கள் என்னோடு பேச்சை நிறுத்தப் பார்த்தார்கள் என்றும் சொல்லலாம், அதனால்தான் பேசினார்கள் என்றும் சொல்லலாம்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். தபால் வழியில் எம்.ஏ.வும் முடித்தேன். இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அப்புறம் ஏம்மா கான்டீன்ல?" கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். வேலை போட்டுக் கொடுங்கள், நாளைக்கே வருகிறேன். யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. நான் திருமணமாகி வந்த ஊர் கம்மாபுரத்துப் பக்கம். கணவர் ஒப்பந்த வண்டி ஓட்டுகிறார். ஒரு தனியார் ஒப்பந்தக்காரர் நகரியத்தின் ஓரத்தில் ஒரு கான்டீன் நடத்தினார். அங்கே சமையற்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இட்லியும் பொங்கலும் சாப்பிட வருகிற இடம். நான் நன்றாகவே மாவு ஊற்றினேன், நன்றாகவே வெங்காயம் அரிந்தேன். இலக்கியம் எதற்கும் தடையாக இருக்கவில்லை.

அந்தச் சமையற்கட்டில் ஒரு சாம்பார் அண்டா இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நாலு பக்கமும் வளையம் வைத்த பெரிய அண்டா. அடுப்பிலிருந்து இறக்கி, சமையற்கட்டைத் தாண்டி, பரிமாறும் மேடை வரைக்கும் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிப் போக வேண்டும். ஒரு வளையத்துக்கு ஒருத்தி. ஈரத்துணியை மடித்து வளையத்தில் சுற்றிக்கொண்டு, ஒரே குரலில் "ஏய்" சொல்லித் தூக்குவோம். யாருக்கு எந்த வளையம் என்பது மாறாது. உயரத்துக்கும் கைவாகுக்கும் பார்த்து ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான். நான் இடக்கைக்காரி என்பதால் சுவரோரத்து வளையம் எனக்கு. ஒருத்தி லீவு போட்டால் பக்கத்து செக்‌ஷன் பெண்ணிடம், "என் வளையத்தப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். வேலையைப் பார்த்துக்கொள் என்று யாரும் சொல்ல மாட்டோம். வளையம் என்றால் வேலை, வேலை என்றால் வளையம்.

மற்ற மூன்று வளையங்களில் ஒன்று பெரியக்காவுடையது. வயதில் எனக்கு ரொம்பப் பெரியவள் இல்லை, குரலில் பெரியவள். தலைமுறையாக அடுத்தவர் வயலில் களை பறித்த வீட்டிலிருந்து வந்தவள். "நெலம் வெச்சினு இருந்தவங்க சொரங்கத்துக்கு நெலத்தக் குடுத்தாங்க. நாங்க என்னாத்தக் குடுக்கறது? கையக் காலத்தான் குடுத்தோம்" என்பாள். அதை அழுகையாகச் சொல்லமாட்டாள், சண்டை போடுகிற மாதிரி சொல்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என் படிப்பைக் கிண்டல் செய்வாள். "எம்மே, அந்த உப்ப எடு" என்றுதான் கூப்பிடுவாள். எம்.ஏ.வை எம்மே ஆக்கியது அவள்தான்.

பிறகு புது சூப்பர்வைசர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. யாரையும் திட்டமாட்டார். எல்லோருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார், ஷிப்ட் மாற்றம் சொல்லத்தான் என்றார். எனக்கு மட்டும் சாயங்காலங்களில் போன் வந்தது. ஷிப்ட் மாற்றம் ஒன்றும் இருக்காது. "சாப்டாச்சா?" என்று கேட்பார். அடுத்த நாள், "என்ன குழம்பு?" அதற்கடுத்த நாள், "வீட்ல அவர் இல்லையா?" நான் வைத்துவிட்டேன். மறுபடியும் வந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் வந்தது.

எனக்கு முன்கோபம் உண்டு. என் அம்மா வீட்டில் அதைக் குறையாகச் சொல்வார்கள், நான் அதைச் சொத்தாக வைத்திருக்கிறேன். ஒரு காலையில் பரிமாறும் மேடைக்குப் பக்கத்தில் எல்லோரும் நிற்கும்போது அவரிடம் சொன்னேன். "சார், வேலை இருந்தா இங்கயே சொல்லுங்க. வூட்டுக்கு போன் பண்ணி சாப்டாச்சான்னு கேக்காதீங்க. சமைக்கறதே நாங்கதான், சாப்டாமயா இருப்போம்?" வரிசையில் தட்டோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியக்கா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். "சரிங்க மேடம்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது மேடம்.

போன் நின்றுவிட்டது. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு முறைப்பு கிடையாது. மற்ற எல்லோரையும் ஏம்மா, வாம்மா என்று கூப்பிட்டவர், என்னை மட்டும் மேடம் என்றார். அண்டாவுக்குப் பக்கத்தில் போய் வளையத்தில் துணியைச் சுற்றுவேன். "மேடம், நீங்க விடுங்க. படிச்சவங்க. அவங்க தூக்குவாங்க" என்பார். நான் கையை எடுக்காமல் நின்றால், "சூடு பட்டா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும், மேடம்" என்று என் கைக்கும் வளையத்துக்கும் நடுவில் வந்து நிற்பார். தொடவே மாட்டார். அவர் மேல் படாமல் நான் வளையத்தைப் பிடிக்க முடியாது. மற்ற மூன்று பேரும் சாய்ந்தபடி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாம்பார் தளும்பித் தரையில் சிந்தும். அதையும் அவர்கள்தான் துடைக்க வேண்டும். "மேடம், நீங்க டோக்கன் எண்ணுங்க" என்பார்.

பெரியக்கா லீவு கேட்டால், "மேடத்துக்கு இந்த வாரம் குடுத்துட்டேனேம்மா" என்பார். நான் லீவே கேட்டிருக்கமாட்டேன். இன்னொருத்திக்குச் சாக்கடைப் பக்கம் பாத்திரம் கழுவுகிற முறை வந்தால், "இது மேடத்தோட முறைதான், ஆனா அவங்ககிட்ட சொல்ல முடியுமா? கோச்சுக்குவாங்க" என்பார். நான் போய், "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லக்கா, நானே கழுவறேன்" என்று சொன்னால், அதற்குள் அவர்கள் கழுவி முடித்திருப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பொங்கல் அடி பிடித்த அன்றைக்கு நாலு பேரும் அதைச் சுரண்டிச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அடிப்பொங்கலுக்கு எங்களுக்குள் சண்டையே வரும். ஒருநாள் நான் போய் உட்கார்ந்தபோது பாத்திரத்தில் ஒன்றுமில்லை. "மேடத்துக்கு இதெல்லாம் சேராதே" என்றாள் பெரியக்கா. எம்மே போய் மேடம் வந்துவிட்டது. அவர் வாயிலிருந்து வந்தபோது எரிச்சலாக இருந்தது. அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அழுகை வந்தது. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று அழுதேன். பிறகு அழுததற்காக இன்னும் கோபம் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்களை மாதிரி கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பெயர்களை மறுபடியும் எழுதுவார்கள். கூட வேலை செய்கிறவர்களே ஒருத்தியைப் பற்றி, வேலை செய்வதில்லை என்று சொன்னால், பட்டியலில் பெயர் விழாது, வேலை போய்விடும். சூப்பர்வைசர் ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்டால், "நான் நல்லபடியாத்தான் வெச்சிருந்தேன், இவங்கதான் சொல்றாங்க" என்று மூன்று பேரையும் காட்டலாம். அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தபோது, பெயர் எழுதுகிற மாதம் பக்கத்தில் வந்திருந்தது.

என் கணவர் நல்லவர், சண்டைக்குப் பயந்தவர். "வுட்டுடு. வேற வேல பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஏன் விட வேண்டும்? சாயங்காலத்தில் போன் செய்தது நானா? அந்தச் சுவரோரத்து வளையத்தில் என் கைக்குக் காய்ப்பு காய்த்திருக்கிறது. அது எனக்கு எங்கேயும் கிடைத்த பட்டத்தைவிடக் கஷ்டப்பட்டு வாங்கியது. விடமாட்டேன் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

சுவர்த் தாளில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் பாலியல் தொல்லை என்று போட்டிருந்தார்கள். தொல்லை! கொசுத் தொல்லை, பன்றித் தொல்லை, ஸ்பீக்கர் தொல்லை என்று சொல்கிற அதே தொல்லை. நகரியத்தில் கொசுத் தொல்லைக்குப் புகை போட ஒரு வண்டி வரும். இதற்கு என்ன வண்டி வரும் என்று பார்ப்போம் என்று புகார் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். வாயில் வந்தபடி டார்ச்சர் என்று எழுதினேன், எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி.

ஒப்பந்தக்காரர் வைத்திருந்த புகார்க் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளைப் புடவை, கருணையான முகம். பக்கத்தில் கணக்கர். ஸ்டோர் ரூமில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டார்ச்சர்னு எழுதியிருக்கீங்களேம்மா. அது பெரிய வார்த்தை. இங்க ஹராஸ்மென்ட்னுதான் போடணும்" என்றார் தலைவி.

"சரிங்க, அதையே போடுங்க."

"தொட்டாரா?"

"இல்லைங்க."

"தப்பா ஏதாவது பேசினாரா?"

"போன் பண்ணி சாப்டாச்சான்னு கேட்டாருங்க. தினமும். வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் நிறுத்திட்டாரு."

"சாப்டாச்சான்னு கேக்கறது நம்ம பண்பாடுதானேம்மா?" என்றார் கணக்கர். "நிறுத்திட்டாருங்கறீங்க. பின்ன என்னதான் பண்ணாரு?"

"என்னை மேடம்னு கூப்பிட்டாருங்க."

கணக்கர் சிரித்துவிட்டார். "என்னை யாராவது அப்படி மரியாதையா கூப்பிட்டா நான் சந்தோஷப்படுவேன்."

"எனக்கு வேலை குடுக்கலைங்க."

"சம்பளம் பிடிச்சாரா?"

"இல்லைங்க."

"வேலையும் இல்ல, சம்பளமும் வருது. இதுக்குப் பேரா ஹராஸ்மென்ட்?"

தலைவி சிரிக்கவில்லை. ஆனால், "அந்த வார்த்தைக்குள்ள இது வராதேம்மா" என்றார். மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வேண்டுமானால் இன்னொரு முறை விவரமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம் என்னைக் குடைந்தது. வார்த்தைக்குள் வராது. அப்படியானால் வார்த்தைக்குள் என்னதான் இருக்கிறது? எங்கள் நகரியத்தில் வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி நடக்கும். கல்லூரியில் படிக்கும்போது அங்கே பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதி வாங்கியிருந்தேன். சொற்கள் எங்கே பிறந்து எப்படி வந்தன என்று சொல்கிற அகராதி. திருமணத்துக்குப் பிறகு அதன் வேலை, தையல் மிஷினின் ஒரு கால் ஆடாமல் முட்டுக் கொடுப்பது. அன்றைக்கு மிஷினைத் தூக்கி அதை உருவினேன்.

ஹராஸ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதற்குத் தொடுவது, பேசுவது என்றெல்லாம் பொருளில்லை. படை புகுந்து ஓர் ஊரைப் பாழாக்குவது, ஓய்வே கொடுக்காமல் விரட்டி ஆளைக் களைக்கச் செய்வது. பிரெஞ்சில் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்குக் களைத்துப் போகச் செய்வது என்றே பொருள். இதற்கும் பின்னால் போனால், பழைய பிரெஞ்சில் ஒரு வேட்டைச் சொல் நிற்கிறது. நாயை ஏவி விடுதல். வேட்டைக்காரன் நாயைப் பார்த்துக் கத்துகிற சத்தம்தான் வேர். இங்கே, இந்தப் பக்கம், பிடி என்று கத்துவது. இந்த வேர் நிச்சயம் என்று சொல்ல முடியாது, அறிஞர்களுக்குள் சண்டை உண்டு என்றும் அகராதி நேர்மையாகச் சொல்லியிருந்தது. அவர்கள் சண்டையை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

எங்களிடம் அதற்கு அருமையான சொல் இருக்கிறது. சூக்காட்டுவது. தெருவில் பிடிக்காதவன் போனால், ஒருவன் திண்ணையில் உட்கார்ந்த இடத்திலேயே, "சூ… சூ… புடி" என்பான். நாய் பாயும். கடி வாங்கியவன் நாயை அடிப்பான். நாய்க்காரன் எழுந்து வந்து, "அடடா, கடிச்சிடுச்சா?" என்று கேட்பான். அவன் வேட்டி கசங்கியிருக்காது.

அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபமில்லை, சந்தோஷம். வார்த்தைக்குள் வராதாம்! வார்த்தையே இதுதான். மற்றதெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்த பொருள். உட்கார்ந்து விவரமாக எழுதினேன். நாயைச் சூக்காட்டுகிறவன் யாரையும் கடிப்பதில்லை, அவர் என்னைக் கடிக்கவில்லை, என் கூட வேலை செய்கிறவர்களை என் மேல் சூக்காட்டினார், மேடம் என்பது அந்தச் சூ என்று எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவளின் திமிர் அது. இருந்துவிட்டுப் போகட்டும்.

விதிப்படி நகல் சூப்பர்வைசருக்கும் போயிற்று. மறுநாள் காலையிலேயே அவர் அண்டாப் பக்கம் நின்று, மெதுவான குரலில், மிகுந்த வருத்தத்தோடு மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறார்: "மேடம் உங்களையெல்லாம் நாய்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." இதைவிடப் பொருத்தமாக என் புகாரை யாரும் நிரூபித்திருக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்து ரசிக்கிற நிலையில் நான் இல்லை. பெரியக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இட்லித் தட்டைத் தூக்கி வைத்த வேகத்தில் அடுப்பே ஆடியது. "விசாரணைக்கு என்னக் கூப்புட்டு இருக்காங்க. அங்க வெச்சிக்கறண்டி உன்ன" என்றாள்.

என் வேலை இனி அவள் வாயில்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை, இவள் வேலை செய்யமாட்டாள் என்று சொன்னால் போதும்.

மறுபடியும் அதே ஸ்டோர் ரூம், அதே மேஜை. சூப்பர்வைசர் ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு, பவ்யமாக உட்கார்ந்திருந்தார். பெரியக்கா உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"மொதல்ல ஒண்ணு கேக்கணுங்க. நாங்க பொழுது விடியங்காட்டியும் வந்து அடுப்புல வெந்துகினு இருக்கறோம். இவ எங்கள நாயின்னு எழுதியிருக்கா. இதுக்கு என்னா பதிலு?"

தலைவி என்னைப் பார்த்தார். "மன்னிப்பு கேட்டுடுங்கம்மா. இதோட முடிச்சுக்கலாம்" என்றார். முடிந்திருக்கும்தான். எல்லாமே முடிந்திருக்கும்.

"கேக்க மாட்டேங்க" என்றேன். பெரியக்காவின் பக்கம் திரும்பினேன். "ஆமாக்கா, எழுதினேன். உன்னப் பத்தி எழுதல, உன்ன ஏவுன வாயப் பத்தி எழுதினேன். நான் உனக்கு என்னா பண்ணேன், அத மட்டும் சொல்லு."

"என்னா பண்ணியா? வேல செய்யல நீ. உன் பாரத்தையும் சேத்து நாங்க மூணு பேருதான் தூக்கினோம்."

"தூக்கச் சொன்னது யாரு?"

"சாரு."

"நான் வந்து வளையத்துல துணியச் சுத்தினனா இல்லையா?"

"சுத்தின."

"கைய எடுக்கச் சொன்னது யாரு?"

"சாரு" என்றாள்.

"உனக்கு லீவு இல்லாததுக்கு நான்தான் காரணம்னு சொன்னது?"

"சாருதான்."

"நான் அப்ப லீவு போட்டனாக்கா? என்னிக்காவது நான் இல்லாம இருந்து பாத்தியா?"

பெரியக்கா என்னைப் பார்க்கவில்லை. அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. கொஞ்ச நாளாகவே அவள் அப்படிக் கையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், கோபத்தில் நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். மெதுவாகத் திரும்பி சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"படுத்தா பொரண்டு படுக்க முடியல சார். இடுப்பு புடிச்சிக்குது. வூட்டுல இவளத்தான் திட்டிக்கினு கெடந்தேன், இவ தூக்கலன்னு. நாலு பேரு தூக்கற அண்டா அது." என்னைக் கையால் காட்டினாள். "அவ ஒங்க போன எடுக்கல. சரி. என் இடுப்பு என்னாங்க சார் பண்ணுச்சு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மா, நான் நல்லதுக்குத்தான்…"

"மேடம்னு சொல்லுங்களேன், என்னையும். ஒரு நாளாவது ஒக்காந்து டோக்கன் எண்றேன்."

கணக்கர் இந்த முறை சிரிக்கவில்லை. பெரியக்கா மேஜைக்கு நேராக வந்து நின்றாள். "எழுதிக்குங்கம்மா. எம் பேர்லயும் ஒண்ணு எழுதிக்குங்க. இவ போட்டிருக்கற அதே வார்த்தயப் போடுங்க."

"ஹராஸ்மென்ட்டா?" என்று கேட்டார் தலைவி.

"அதான்."

தலைவி எழுதினார். எழுதும்போது, இது வார்த்தைக்குள் வருமா என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு அப்போதுதான் அகராதியின் இன்னொரு பொருள் விளங்கியது. ஓயாமல் ஓட விட்டுக் களைக்கச் செய்வது. வேட்டையில் துரத்தப்பட்டது மட்டுமா களைத்துப் போகும்? நான் என் பாட்டை மட்டும் நினைத்து, அந்தச் சொல்லின் ஒரு பாதியைத்தான் எடுத்து எழுதியிருந்தேன். மற்ற பாதி பெரியக்காவின் இடுப்பில் இருந்தது.

முடிவு அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்ததில் குறைபாடு என்று ஏதோ எழுதி, அவரை அதே ஒப்பந்தக்காரரின் இன்னொரு கான்டீனுக்கு மாற்றினார்கள். கொசுவை நம் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு விரட்டுகிற, புகை போடும் வண்டியின் வேலைதான். எனக்கு அது போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. அதனால் அவர் போய்ச் சேருவதற்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் அங்கே இருக்கிற பெண்களுக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் போட்டுப் பெரியக்காதான் பேசினாள். "யாரையாவது ஒருத்திய மட்டும் மேடம்னு கூப்புட்டாருன்னா, அவ மேல கோவப்படாதீங்க. அவகிட்ட போயி இன்னாடி நடந்துச்சின்னு கேளுங்க" என்றாள். இதைவிட நல்ல சுவர்த் தாள் எனக்குத் தெரியாது.

அந்த மாதம் பெயர் எழுதினார்கள். என் பெயர் இருந்தது.

நாய் என்று எழுதியதைப் பெரியக்கா மன்னிக்கவில்லை. இன்றைக்கும் உப்பு கூடிவிட்டது, புளி குறைந்துவிட்டது என்று சண்டை வந்தால், "நாயின்னு எழுதினவதான நீ" என்பாள். "ஆமா" என்பேன். அடிப்பொங்கலில் எனக்கு ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் அதைச் சொல்வாள்.

புது சூப்பர்வைசர் வந்த முதல் நாள். இளைஞர், பயந்த சுபாவம். சாம்பார் கொதித்து இறக்குகிற நேரம். நான் சுவரோரத்து வளையத்தில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். யாரோ அவரிடம் என் படிப்பைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நிஜமான மரியாதையோடுதான் ஓடி வந்தார். "மேடம், நீங்க எம்.ஏ.வாமே. நீங்க விடுங்க மேடம், அவங்க தூக்கட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வளையத்திலிருந்து குரல் வந்தது.

"மேடமெல்லாம் இங்க யாரும் இல்லீங்க சார். அது அவ வளையம்." பிறகு என் பக்கம் திரும்பி, "எம்மே, என்னாடி பாத்துக்கினு நிக்கற? தூக்கு" என்றாள்.